நான்கு தந்திக் கிதார்

கேள்வி: 25.5 அங்குலத் தந்தி நீளமுள்ள மின்கிதார் கிட் ஒன்று வைத்திருக்கிறேன். ஆறு தந்திக்குப் பதில் நான்கு பூட்டலாமா?

பதில்: தாராளமாக! 1940களில் டைனி கிரைம்ஸ் என்ற ஜாஸ் வித்வான், மின்னல் வேக ஆர்ட் டேட்டமின் பியானோவுக்கு ஈடுகொடுத்து வாசித்தது நான்கே தந்திகள் பூட்டிய மின்கிதாரில்தான். கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் பழைய நட்டைக் கழற்றிவிட்டு, எலும்புத் துண்டொன்றில் மெல்லிய அரத்தால் நான்கு பள்ளங்கள் அறுத்துப் பொருத்துங்கள். ஆனால் நான்கு தந்தி டெனர் கிதாருக்குரிய சி-ஜி-டி-ஏ சுருதியின்மீது ஆசை வைக்காதீர்கள், ஏனெனில் அது சுமார் 23 அங்குல நீளத்துக்கென்று ஏற்பட்டது. உங்கள் கிட்டில் முதல் தந்தியை அந்த ஏ சுருதிக்காக 440 ஹெர்ட்ஸ் வரை முறுக்கினால், அது பாடுவதற்கு முன்பே பிராணனை விட்டுவிடும். வயலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே, ஜி-டி-ஏ-ஈ என்று சுருதி சேர்த்தால் கம்பீரமான நாதம் சித்திக்கும். பிக்கப்பில் தனித்தனிக் காந்த முனைகளைவிட ஒரே பட்டையாக ஓடும் காந்த முனையே உத்தமம். தந்திகள் இடம் மாறினாலும் ஒலி குன்றாது.