ஒத்திகை அதிகாரிக்கு நீலசந்திராவிலிருந்து ஒரு மனு

மகா கனம் பொருந்திய ஒத்திகை அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு,

பெங்களூர் நீலசந்திராப் பெற்றோர் பணிவுடன் எழுதிக்கொள்வது. அதிகாரியவர்கள் எந்த அலுவலகத்தில் வீற்றிருக்கிறார் என்பது இவர்களுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் கல்வித் துறைக்கு, தீயணைப்பு உள்துறைக்கு, கட்டடம் மாநகராட்சிக்கு. மணியடித்ததும் நடுங்கும் பிள்ளை மட்டும் எந்தத் துறையிலும் சேராமல் வீடு வந்து சேர்கிறது. ஆகவே உறையின் மேல் பதவியை மட்டும் எழுதியிருக்கிறார்கள். தபால்காரர் சமாளித்துக்கொள்வார்.

பள்ளியில் ஆபத்துக்கால ஒத்திகையே வேண்டாம் என்று சொல்ல இந்தப் பேட்டைக்காரர்கள் விவரம் கெட்டவர்கள் அல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகள் தீயில் போனதை டிவியில் பார்த்து அழுதவர்கள் இன்று இங்கே பாட்டிகள். அந்தத் தீயை ஒட்டித் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியும் அடக்கம் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு வருடம் பிப்ரவரி 23-ல் பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் எரிந்து 9 பேர் இறந்தார்கள். இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடும் தூரம்.

எனவே கால்களுக்குப் பயிற்சி வேண்டும். அதில் சண்டை இல்லை.

சண்டை மற்றதில். எந்த ஒத்திகையைக் கேட்டாலும் நிமிடக் கணக்குதான் வருகிறது: இத்தனை நிமிடத்தில் கட்டடம் காலி, இத்தனை தலை மைதானத்தில், இத்தனை போட்டோ வாட்ஸப்பில். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ராத்திரி விளக்கை அணைக்க விடாமல், “நிஜமாவே தீ வந்தா தம்பிய யாரு தூக்கிட்டு ஓடுவா?” என்று கேட்டால், அதை எழுத எந்தப் படிவத்தில் இடம்?

நிஜப் பரீட்சை 2023 டிசம்பர் 1-ல் வந்தது. பெங்களூரில் 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல். போலீஸ் துழாவியது, ஒன்றும் இல்லை, புரளி. 2025 ஜூலை 18-ல் மறுபடியும் அதே கணக்கில் பள்ளிகள், மறுபடியும் புரளி. கார் வைத்திருக்கும் தகப்பன் பாய்ந்து போய்ப் பிள்ளையை அள்ளிக்கொள்வார். ஆறு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தாய், மூன்றாவது வீட்டில் கைகழுவி போனை எடுத்துப் பார்ப்பதற்குள் புரளியே முடிந்திருக்கும். நடுவில் இருந்த நேரத்துக்குப் பிள்ளையே ஒரு கதை கட்டிக்கொள்ளும். பெரியவர்கள் சொல்லாமல் விட்ட கதையைப் பிள்ளைகள் எப்போதும் இன்னும் பயங்கரமாகத்தான் கட்டுகிறார்கள்.

பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் ஒத்திகை ஒத்திகையாக இருக்காதே என்று அதிகாரியவர்கள் கேட்கலாம். துப்பாக்கிக்காரன் வரும் ஒத்திகை வரை நடத்திப் பார்த்த அமெரிக்காவில், குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2020-ல் தன் கருத்தைச் சொன்னது: அறிவிக்காமல் நடத்தாதே, நிஜம் என்று நம்பவைத்து ஏமாற்றாதே. ஜப்பானில் பள்ளி ஒத்திகைக்கு மந்திரமே ‘ஒகாஷி’. தள்ளாதே, ஓடாதே, பேசாதே என்ற மூன்று கட்டளைகளின் முதலெழுத்துகள் அவை. சேர்த்துப் படித்தால் தின்பண்டம் என்று பொருள். நிலநடுக்கத்துக்குப் பழகிய தேசம், பிள்ளையின் வாயில் பயத்தைப் போடாமல் மிட்டாயைப் போட்டிருக்கிறது.

நீலசந்திராவுக்கு ‘தோசை’ போதும். தோளில் இடிக்காதே, சைகையைப் பார். ஒரே வகுப்பில் தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கையில், ஒலிபெருக்கியில் ஆங்கிலம் உறுமினால் முன்வரிசைக்குக்கூடப் புரியாது. தோசை எல்லாருக்கும் புரியும்.

வல்லுநருக்கும் பஞ்சமில்லை. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. யாரையாவது கிண்டல் செய்ய மட்டுமே இந்த ஊர் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டது, போகட்டும். 2001 குஜராத் நிலநடுக்கம், 2004 சுனாமி என்று போன இடமெல்லாம் உயிர் தப்பியவர்களின் மனத்துக்கு ஆறுதல் தரும் வேலையைச் செய்த நிறுவனம் அது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போட்டால் காசில்லாமல் பேசுகிறார்கள். குஜராத்தின் பூஜ் வரை போன ஞானம், இரண்டு சிக்னல் தாண்டி நீலசந்திரா வர அனுமதிக் கடிதம் ஏதும் தேவையென்றால் பெற்றோர் கையெழுத்துப் போடத் தயார்.

கேட்பது அதிகமில்லை. முந்தின நாள் டைரியில் ஒரு வரி: நாளை மணி அடிக்கும், விளையாட்டுக்குத்தான், டீச்சர் கூடவே இருப்பார். அந்த டீச்சருக்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் மணியைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைத்தான் பார்க்கின்றன. சைரன் பொறுக்காத பிள்ளைக்கு முதல் தடவை சத்தமில்லாத ஒத்திகை. முடிந்ததும் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து, “யாருக்கெல்லாம் பயமா இருந்துச்சு?” என்று ஒரு கேள்வி. கை தூக்கியவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது, உடற்பயிற்சி ஆசிரியர் உட்பட.

இப்படிக்கு,
நீலசந்திராப் பெற்றோர்

பி.கு.: போன ஒத்திகையில் மைதானத்தில் தலை எண்ணியபோது கணக்கு சரியாக இருந்தது என்றார்கள். மணியடித்தபோது கழிப்பறையில் இருந்த ஒன்றாம் வகுப்புக்காரன், தான் எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வந்ததாக வீட்டில் சொல்கிறான். அதிகாரியவர்கள் இன்னொரு முறை எண்ணிப் பார்க்கவும்.