மண்மாரியும் தைலமரமும்

திருமலைராயன்பட்டினத்துக்கு வந்த முதல் நீரியல் நிபுணர் காளமேகப் புலவர். பதினைந்தாம் நூற்றாண்டு. ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளியில் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தவர், திருவானைக்கா அம்பாளின் வாய்த் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு கவியானார் என்பது கதை. நம் ஊர் ராயன் சபையில் பல்லக்குப் புலவர்கள் அறுபத்துநாலு பேர். தலைவர் அதிமதுர கவி. வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எமகண்டம் பாடு என்றார்கள்: கீழே கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, மேலே உறியில் புலவர், உடம்பைச் சுற்றிக் கத்திகள், சங்கிலி யானைகளிடம். இன்றைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு இதைவிடக் கொஞ்சம் சாது.

ஜெயித்தார். ராயன் பரிசு தரவில்லை. மழை நிற்கட்டும், மண் பொழியட்டும் என்று ஒரே வெண்பாவில் ஊரையே முடித்துவிட்டுக் கிளம்பினார். ஆய்வு முறைப்படி பார்த்தால் படு மோசம். ஒரே சோதனையில் இரண்டு மாற்றம். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்து நாகூரைச் சபிக்காமல் வைத்துக் கணக்கெடுத்தாரா? அதுவும் இல்லை.

முறையாகச் செய்தவர்கள் ஊட்டிக்காரர்கள். 1843இல் கேப்டன் காட்டன் ஆஸ்திரேலியத் தைலமரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். துரைமார்களுக்குக் குளிர், விறகு வேண்டும். சோலையைச் சுற்றியிருந்த புல்வெளி அவர்கள் கண்ணுக்குத் தரிசாகப் பட்டது, நட்டுத் தள்ளினார்கள். 1954இல் நம் ஊர் இருக்கும் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அதே ஆண்டு ஊட்டியில் மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கடை திறந்தது.

1968இல் அந்த நிலையத்தார் நீலகிரியின் கிளென்மார்கனில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பிடித்தார்கள். இரண்டிலும் சோலை, புல்வெளி. ஓடை வாயில் குறுக்குச் சுவர் கட்டி, வெட்டுவாயில் வழியும் தண்ணீரை அளந்தார்கள். நாலு வருஷம் வேறு ஒன்றுமே செய்யவில்லை. சும்மா ஓடுகிற ஓடையைச் சும்மா பார்க்கச் சர்க்கார் சம்பளம்! 1972இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் தைலமரம் வைத்தார்கள், மற்றதைத் தொடவில்லை.

பத்து வருஷத்தில் மரம் வைத்த நீர்ப்பிடிப்பின் ஓடையில் நீர் வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டினார்கள். கட்டை தழைத்தது. அடுத்த பத்து வருஷம் குறைவு 25.4 சதவீதம்! கோபமெல்லாம் இல்லை, மண்ணுக்குள் வேர் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதிகம் அடிபட்டது வெயில் காலத்தில் ஊறி வரும் நீர்.

கிளென்மார்கன் பக்கத்து நீர் மாயாறு, பவானி, காவிரி, கல்லணை என்று இறங்கிக் குடமுருட்டியில் பிரிந்து, திருமலைராசனாறாக நம் ஊர்ப் பக்கம் கடலைத் தொடவேண்டும். கடைமடைக்காரனுக்கு மலையில் ஒருவன் கன்று நடுவதும் சொந்த விஷயம். காளமேகம் விவரமானவராக இருந்தால் வானத்தை விட்டுவிட்டு, ஊட்டிக்கு ஒரு கூடைத் தைலமரக் கன்று அனுப்பியிருப்பார். முழுப் பலன் தெரிய இருபது வருஷம் ஆகும். எந்தப் புலவருக்கு அந்தப் பொறுமை?

2007இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி என நாலு கட்சிக்காரர்கள். யாரையும் கேட்காமல் தலைமுறை தலைமுறையாக மேலே நின்று உறிஞ்சும் தைலமரத்துக்கு மட்டும் நோட்டீஸே போகவில்லை.