அம்மா, இங்கே நீ ஒரு எக்ஸ்

கெரேத்தரோ, மெக்சிகோ
ஜனவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பெரியவன் எழுதறேன். நலம். முதல்ல, எதிர் வீட்டு அத்தைகிட்ட "பையன் அமெரிக்காவுல இருக்கான்"னு சொல்றதை நிறுத்து. இது மெக்சிகோ. "அமெரிக்காவுக்குப் பக்கம்தானே"ன்னு கேட்டாங்கன்னா, நம்ம பெங்களூரு அடுகோடியும் தமிழ்நாட்டுக்குப் பக்கம்தான்னு சொல்லு.

வெளிநாடுன்னு நம்பி வந்தேன், அடுகோடியே வந்து நிக்குது. விடிஞ்சதும் கேஸ் வண்டி கத்திக்கிட்டுப் போகுது. அது போன கையோட, பழைய மெத்தை, பழைய ஃப்ரிட்ஜ் எடுக்கிறோம்னு ஒலிபெருக்கியில ஒரு குரல் மூக்கால இழுக்குது. மொட்டைமாடியில கறுப்பு டேங்க். குடிக்க அதே 20 லிட்டர் கேன். ஊருக்குத் தண்ணி கொண்டுவர 18-ஆம் நூற்றாண்டுலயே 74 வளைவு வச்சுக் கல்லால பாலம் கட்டியிருக்காங்க, பார்க்கப் பிரமாதம். மூணாவது மாடிக்குக் கேனைத் தூக்கறது மட்டும் நான்தான். கேன்காரரைக் கூப்பிட்டா "அஹொரீத்தா"ங்கிறார். இப்பவேன்னு அர்த்தமாம். நம்ம தெரு எலக்ட்ரீஷியன் கன்னடத்துல 'ஈக பந்தே'ன்னு சொல்லிட்டுத் தீபாவளிக்கு வருவாரே, அந்த இப்பவே.

அடையாள எண் வாங்கப் போன கதையைக் கேளு. இங்க ஆளுக்கு ரெண்டு குடும்பப் பேரு, அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணு. பாஸ்போர்ட்ல இருக்கிற அப்பா பேரை முதல் கட்டத்துல எழுதிட்டாங்க. "அம்மா குடும்பப் பேரு?"ன்னு கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு கேட்டா. எங்கம்மாவுக்கு இனிஷியல்தான், அதுவும் கல்யாணத்தோட மாறிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ்ல விளக்கினேன். பாவமாப் பார்த்தா. 18 எழுத்து எண் வந்துச்சு, அதுல உன் இடத்துல ஒரு எக்ஸ். பத்து மாசம் சுமந்தவளுக்கு இதான் மரியாதை.

என் நிறத்தையும் மீசையையும் பார்த்து எல்லாரும் உள்ளூர்க்காரன்னு நெனச்சு ஸ்பானிஷ்ல பொரிஞ்சு தள்றாங்க. கன்னடம், தெலுங்கு, உருதுன்னு தெருமுனையிலயே கத்துக்கிட்டவன்தானேன்னு தலையாட்டியே சமாளிச்சேன். அந்தத் தலையாட்டல்தான் இப்ப வினையாயிடுச்சு.

ஜனவரி 6 இங்க மூணு ராஜாக்கள் திருநாள். ஆபீஸ்ல வளையம் மாதிரி ஒரு ரொட்டி வெட்டினாங்க. கடிச்சேன், கடவாய்ப்பல்லே ஆடிப்போச்சு. துப்பிப் பார்த்தா விரல்நுனி அளவு பிளாஸ்டிக் குழந்தை! புகார் சொல்ல வாயைத் திறந்தா, எல்லாரும் கை தட்டி என்னமோ கேட்டாங்க. ஆட்டிட்டேன். அது குழந்தை ஏசுவாம். கிடைச்சவன் பிப்ரவரி 2-ஆம் தேதி எல்லாருக்கும் 'தமால்' போடணுமாம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு (பாட்டி வெத்தலைக்குத் தடவுமே, அதே சுண்ணாம்பு), அரைச்சு, கதிரோட தோகையில சுருட்டி அவிக்கிறது. பேரைக் கேட்டு நம்ம சொத்துன்னு நெஞ்சை நிமித்தினேன். தமிழுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம், இந்த ஊர்ப் பழைய பாஷையாம்.

யோசிச்சுப் பார்த்தா அது கொழுக்கட்டைக்கு அண்ணன்தான். அதனால பூரணக் கொழுக்கட்டையே செஞ்சுடலாம்னு இருக்கேன். வெல்லம் கூம்பு கூம்பா இங்கயும் கிடைக்குது, தேங்காயும் உண்டு. ஆபீஸ்ல 22 பேர், ஆளுக்கு ரெண்டு. மாவு எத்தனை டம்ளர், வெல்லம் எவ்வளவுன்னு உடனே எழுது. "கண்ணளவா போடு"ன்னு மட்டும் சொல்லாதே. போன் பண்றதா இருந்தா காலையில எட்டு மணிக்குப் பண்ணு, இங்க முந்தின நாள் ராத்திரி எட்டரை.

இப்படிக்கு,
உன் பெரியவன்