பிணம் விழட்டும், பார்க்கலாம்

வாட்ஸ்அப்பில் வரும் கொலை மிரட்டல் நிஜமா, வெத்துவேட்டா என்று கண்டுபிடிக்க நம் போலீஸிடம் கைகண்ட முறை ஒன்று உண்டு. பிணம் விழுந்தால் நிஜம். விழாத வரைக்கும் சின்னப் பசங்க விளையாட்டு.

விளையாடும் பசங்களைக் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்த டீக்கடையிலும் பார்க்கலாம். சாதிக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு சிங்கம். சிங்கத்தின் கையில் வாள். எதிர்த்தெருப் பையன் நம் தெருப் பெண்ணோடு பைக்கில் போன போட்டோ வந்து விழும். கீழே வரிசையாக அரிவாள் படங்கள். 'சம்பவம் உறுதி' என்பான் ஒருவன். அட்மின் அண்ணன் அதற்கு ஒரு கும்பிடு போடுவார். அடுத்த வாரம் நடக்கும் அமைதிக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான்.

மிரட்டலை எடைபோட அரசுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜ் என்ற தலித் இன்ஜினீயரிங் பட்டதாரி திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தேடப்பட்ட சாதி அமைப்புத் தலைவர் யுவராஜ் தலைமறைவானார். தலைதான் மறைந்தது. வாய் மறையவில்லை. 100 நாளுக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டுக்கொண்டிருந்தார். டி.வி.க்குப் பேட்டியும் கொடுத்தார். சேனலுக்குக் கிடைத்தவர் போலீஸுக்குக் கிடைக்கவில்லை. அக்டோபரில் அவராகவே நாள் பார்த்து, நாமக்கல்லுக்கு வந்து சரணடைந்தார்.

அதே அக்டோபர் கடைசியில், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனைத் திருச்சியில் நள்ளிரவில் வீடு புகுந்து தூக்கினார்கள். தேசத்துரோக வழக்கு! தேடுதல் வேட்டை இல்லை, தனிப்படை திணறவில்லை. பாடகரின் வீட்டு முகவரி மட்டும் எப்படி அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது?

2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த ஆடியோக்களை ரசித்து ரசித்து ஃபார்வர்டு செய்த ஆயிரமாயிரம் பேருக்கு? டேட்டா செலவு. அவ்வளவுதான்.

போலீஸ் அசையவே அசையாது என்பதும் தப்பு. 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில், ஒரு சமூகத்தை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஆடியோ சுற்றியது. ஊர் கொதித்தது. போலீஸ் வண்டி மேல் கல் விழுந்தது. உடனே 144. கல் குடிசை மேல் விழுந்தால் இரு தரப்பு மோதல். வண்டி மேல் விழுந்தால்தான் சட்டம் ஒழுங்கு.

பாவம், வாட்ஸ்அப்பை மட்டும் திட்டிப் பயனில்லை. அது வருவதற்கு முன்பே நம் கடலூர் மாவட்டம் தேர்ந்துவிட்டது. 2003-ல், கடலூரில் சாதி மறுத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட கண்ணகியையும் முருகேசனையும், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் ஊர் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். வழக்கைப் புரட்டிய போலீஸ் அதிகாரிகள் இருவரும் குற்றவாளிகளே என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2025 ஏப்ரலில். 22 வருடம். அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, குழுவில் சேர்ந்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு வந்து மூன்றே மாதத்தில் நெல்லையில் தலித் இளைஞர் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். ரத்தம் காய்வதற்குள் கைதானவரைப் புகழ்ந்து ரீல்ஸ். பின்னணியில் சினிமாப் பாட்டு.

அடுத்த ரீல்ஸில் தன் போட்டோ வந்திருக்கிறது என்று ஒரு பையன் ஸ்டேஷன் படியேறுகிறான் என்று வையுங்கள். அப்புறம் நடப்பது உங்களுக்கே மனப்பாடம்.

"யார் போட்டதுன்னு தெரியுமா?"

"தெரியலீங்க சார்."

"தெரியாம யார் மேல எஃப்.ஐ.ஆர். போடுறது? ஃபேக் ஐடியா இருக்கும். பிளாக் பண்ணிட்டுப் போ."

"ஒருத்தன மட்டும் தெரியும் சார். எங்க ஊருதான்."

"அப்புறம் என்ன, தெரிஞ்ச பசங்கதானே? பேசித் தீர்த்துக்குங்க."

புகாருக்கு ரசீது கேட்டால் கிடைக்காது. கேட்காமலே ஒன்று கிடைக்கும்: "ஆமா, நீ எதுக்குடா அந்தப் பொண்ணுகிட்ட பேசுற?"