கதவில் ஒட்டியவருக்கு, கதவுக்கு உள்ளே இருப்பவன் எழுதுவது

அனுப்புநர்:
ஒத்திக்குக் குடியிருப்பவன்,
மல்லாங்கிணறு, காரியாபட்டி வட்டம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி அவர்கள்,
(வங்கியின் பெயர் எங்கள் கதவில் பெரிய எழுத்தில் இருக்கிறது, இங்கே வேறு எதற்கு?)

பொருள்: வீடு ஜப்தி – வீட்டுக்குள் ஆள் இருப்பது – தகவல் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை:
1. எங்கள் முன்கதவில் ஒட்டப்பட்ட தங்கள் சுவாதீன அறிவிப்பு.
2. அதற்கு அடியில் மாட்டிக்கொண்ட எங்கள் பால் கணக்கு.

ஐயா,

தாங்கள் அனுப்பிய இரண்டு பேர் போன வாரம் வந்தார்கள். "அண்ணாச்சி வீடுதானே?" என்றார்கள். ஆமாம் என்றேன். "நீங்க?" என்றார்கள். குடியிருக்கேன் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். பசை இறுகிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்கள். குழாயில் எந்த நாள் தண்ணீர் வரும் என்று பேரூராட்சிக்கே தெரியாத ஊர் இது. இருந்தாலும் குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்துக் கொடுத்தோம். ஆக, எங்களை வெளியேற்றும் அறிவிப்பு எங்கள் வீட்டுத் தண்ணீரில்தான் ஒட்டியது. இதைத் தங்கள் கோப்பில் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மரியாதைக் கணக்கில் சேர்த்தால் போதும்.

அறிவிப்பை மூன்று முறை படித்தேன். கடனாளிக்குக் குறிப்பாகவும் பொதுமக்களுக்குப் பொதுவாகவும் எச்சரிக்கை என்று போட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கியது வீட்டுக்கார அண்ணாச்சி, நான் இல்லை. அப்படியானால் நான் பொதுமக்கள். பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே பேப்பரில் இதைப் படிப்பவரும், அதே வீட்டு அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருக்கும் என் மனைவியும் தங்களுக்கு ஒரே வரிசை.

கீழே சொத்து விவரம் கொடுத்திருக்கிறீர்கள். கிழக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுச் சந்து, மேற்கே காலிமனை, வடக்கே தெரு. நான்கு மாலும் சுத்தமாக இருக்கிறது. சாக்கடை ஓடும் சந்துக்குக்கூட அதில் ஓர் இடம் உண்டு. நான்கு மாலுக்கு நடுவில் நான்கு பேர் சோறு பொங்கித் தின்கிறோம் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

ஒத்தி என்றால் என்ன என்று தங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நானே சொல்கிறேன். அண்ணாச்சி கையில் மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்தேன். மாத வாடகை கிடையாது. வீட்டை விடும்போது மூன்று லட்சம் அப்படியே திரும்பி வரும். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொள்ளும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, அண்ணாச்சி ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து, கடைக்கார மாமா சாட்சி. பத்திர ஆபீசுக்குப் போகலாமா என்று கேட்டபோது அண்ணாச்சி, "நமக்குள்ள எதுக்குப்பா அந்தச் செலவு?" என்றார். அந்த 'நமக்குள்ள'வுக்குள் தாங்களும் இருக்கிறீர்கள் என்று அவர் சொல்லவில்லை.

ஆனால் தங்கள் வங்கிக்கு என்னைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் தை மாதம் குடிவந்தோம். ஆவணியில் ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். அறை அறையாக அளந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவியை ஒதுங்கச் சொல்லி அடுப்படியைப் படம் எடுத்தார். சர்க்கரை குறைச்சலாக ஒரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். அறிக்கையில் சுவர் இருந்திருக்கும், கூரை இருந்திருக்கும், கொல்லையில் நிற்கிற முருங்கைகூட இருந்திருக்கும். காப்பி போட்டுக் கொடுத்தவள் இல்லை. அவர் வந்த வேலை சொத்தின் மதிப்பைப் பார்ப்பது. எங்களுக்கு அதில் மதிப்பு ஏதும் தேறவில்லை.

பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ஒருவர் பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போய் திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டார். 'நான் யார்?' என்று கேட்டுக்கொண்டே இரு என்று உலகத்துக்குச் சொன்னார். ரமணருக்கு அதற்கு மலை தேவைப்பட்டது. எனக்குத் தங்கள் அறிவிப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. நான் வாடகைதாரனா? வாடகை கொடுக்கவில்லையே. ஒத்திதாரனா? நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியைப் பதிய வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டம், பதியவில்லையே. திருடனா? சாவியை அண்ணாச்சிதான் கொடுத்தார். உடம்பு நான் இல்லை, மனம் நான் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவார்களாம். நானும் கழித்துப் பார்த்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரு கேஸ் சிலிண்டரும் நான்கு பாயும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் என்றார். வங்கி கோர்ட்டு வாசலை மிதிக்காமலே ஜப்தி செய்யலாம். கடன் வாங்கியவருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த 60 நாளும் அண்ணாச்சி வீட்டு அலமாரியில் கழிந்திருக்கிறது. அவர் எங்களிடம் வாய் திறக்கவில்லை. எங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தங்களுக்கும் கட்டாயம் இல்லை. அதற்குப் பிறகு ஆளை வெளியேற்ற மாவட்ட ஆட்சியரிடமோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்கிக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், பால்கோவா என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்தைத் தொடக் கூடாது என்கிறதாம். நல்ல பிரிவுதான். அண்ணாச்சிக்கு ஊருக்கு மேற்கே மூன்று ஏக்கர் கரிசல் உண்டு. கம்மாயில் தண்ணீர் வந்த காலத்தில் பருத்தியும் மிளகாயும் விளைந்த நிலம். இப்போது ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சீமைக்கருவேலம். அங்கே கீரிப்பிள்ளை குடியிருக்கிறது. சர்ஃபேசியை வைத்துக்கொண்டு தாங்கள் அந்தக் கீரிப்பிள்ளையை வெளியேற்ற முடியாது. நாங்கள் வேலிக்கருவைக்கு நடுவில் குடிசை போட்டிருந்தால் மூன்று லட்சமும் மிச்சம், சட்டப் பாதுகாப்பும் மிச்சம்.

எனக்கு வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார் வக்கீல். தங்கள் நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். 'எனக்குக் குத்தகை உரிமை இருக்கிறது' என்று வருபவரின் வாதத்தைத் தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டும் என்று 2016-இல் ஒரு திருத்தமே வந்திருக்கிறது. அடமானத்துக்கு முன்பே முறையாகக் குடிவந்தவரை வங்கி எடுத்த எடுப்பில் தூக்கி வெளியே போட முடியாது என்று 2014-இல் ஹர்ஷத் சோண்டாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ளவரை சர்ஃபேசியைக் காட்டி விரட்ட முடியாது என்று 2016-இல் விஷால் கல்சாரியா வழக்கில் இன்னும் அழுத்திச் சொன்னது.

நான் சந்தோஷமாக எழுந்தேன். "உட்காருங்க" என்றார். 2019-இல் பஜ்ரங் அகர்வால் வழக்கு வந்தது. வாய்மொழியாகக் குடியிருக்கிறேன் என்றால் போதாது, அதை நிரூபிக்கும் தாள் எங்கே என்று அதே நீதிமன்றம் கேட்டது. பதியாத ஒப்பந்தம் என்றால் 2014 தீர்ப்பின்படியே ஓராண்டுக்கு மேல் பேச்சில்லை. "உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றார். இருபது ரூபாய் முத்திரைத்தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர்கள் அப்படிச் செய்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் தாளே இல்லாத ஆட்கள் இல்லை. ரேஷன் அட்டை இந்த விலாசத்தில். ஆதார் இந்த விலாசத்தில். கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்று, வாக்காளர் பட்டியல் எல்லாம் இந்த விலாசத்தில். ஓட்டுக் கேட்டு வருபவர்கள் வரிசை எண்ணோடு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மாநில அரசுக்கு நான் குடும்பத் தலைவன், மத்திய அரசுக்கு ஒரு பன்னிரண்டு இலக்க எண், தேர்தல் ஆணையத்துக்கு ஒரு மன்னன். தங்களுக்கு மட்டும்தான் நான் காற்று.

ஒத்தி நம்மூர்ப் பழக்கம் என்று தாங்கள் சிரிக்கலாம். தென்கொரியாவில் இதே ஏற்பாட்டுக்கு 'ஜொன்சே' என்று பெயர். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பது. போகும்போது பணத்தை வாங்கிக்கொள்வது. அங்கும் வீட்டுக்காரர்கள் கடனில் மூழ்கி வீடுகள் ஏலத்துக்குப் போயின. குடியிருந்தவர்கள் பணத்தோடு வீட்டையும் இழந்தார்கள். 2023-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, ஏமாந்த குடித்தனக்காரர் அதே வீட்டை ஏலத்தில் எடுக்க முன்னுரிமை கொடுத்தது. அதற்கும் முன்பிருந்தே அங்கே ஒரு வசதி உண்டு. ஒப்பந்தத்தைப் பக்கத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டால், பின்னால் வருகிற கடன்காரர்களுக்கு முன்னால் நிற்கலாம். செலவு ஒரு டீக்காசு. நம்மூர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் முத்திரையும் இருக்கிறது, மையும் இருக்கிறது. சட்டம்தான் இல்லை.

இங்கிலாந்தில் 2010-இல் ஒரு சட்டம். வங்கிக்குத் தெரியாமல் வாடகைக்கு விட்ட வீடாக இருந்தாலும், குடியிருப்பவர் கேட்டால் நீதிமன்றம் இரண்டு மாதம்வரை தவணை கொடுக்கலாம். அமெரிக்காவில் வீடுகள் வரிசையாக ஜப்தியான 2009-இல், முறையாக வாடகைக்கு இருப்பவருக்குக் குறைந்தது 90 நாள் என்று எழுதிவைத்தார்கள். வெள்ளைக்காரன் சட்டத்தையெல்லாம் இங்கே கொண்டுவந்து வைத்தான்; இதை மட்டும் அவன் எழுதுவதற்குள் நாம் விடுதலை வாங்கிவிட்டோம்.

ஆகையால் ஐயா, அடியேனின் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: இனி மதிப்பீட்டாளர் வரும்போது, கதவைத் திறப்பவரின் பெயரை ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். காப்பி நாங்கள் வழக்கம்போல் கொடுப்போம்.

இரண்டு: வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு அதைத் தாங்களே குத்தகைக்கு விடலாம் என்று அதே சட்டத்தின் 13(4) பிரிவு சொல்கிறதாம். விடுங்கள். பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை நானே எடுத்துக்கொள்கிறேன். இந்த முறை வாடகையே கொடுக்கிறேன், ஒத்தி கேட்காதீர்கள்.

மூன்று: ஏல விளம்பரத்தில் சொத்து எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படி, என்னென்ன உள்ளதோ அவற்றோடு விற்கப்படும் என்று போடுவீர்கள். அந்த 'என்னென்ன'வில் நாங்களும் அடக்கமா என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன். அடக்கம் என்றால், ஏலம் எடுக்கிறவரிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சின்னவளுக்கு இருட்டு என்றால் பயம்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கடிதம் எப்படியும் டீக்கடையில் வாசிக்கப்படும். ஒத்திக்குப் போகும் முன் பத்திர ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு வரி இருந்தால், மூலப்பத்திரம் வங்கி லாக்கரில் தூங்குகிறது என்று அர்த்தம். வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள். ஒத்தியைப் பதியுங்கள். என் ஒத்தியில் வில்லங்கம் பின்னால்தான் வந்தது. பதிந்திருந்தால் எனக்கு நின்று பேச ஓர் இடமாவது இருந்திருக்கும். 'நமக்குள்ள எதுக்கு' என்று யாராவது சொன்னால், நமக்குள்ளதான் இது ரொம்ப முக்கியம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, பார்வை இரண்டில் கண்ட பால் கணக்கு. எங்கள் பால்காரர் கதவில் கரிக்கோடு போட்டுத்தான் கணக்கு வைப்பார். ஒரு நாளுக்கு ஒரு கோடு. முத்திரைத்தாள் இல்லை, சாட்சி இல்லை, பதிவு இல்லை. தங்கள் அறிவிப்பு சரியாக அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலை அவர் வந்து காகிதத்தைப் பார்த்தார். கிழிக்கக் கூடாது என்று சொன்னேன். "அதுக்கென்ன, எத்தனை கோடு இருந்துச்சு, நீங்களே சொல்லுங்கண்ணே" என்றார். இருபத்து மூன்று என்றேன். தலையை ஆட்டிவிட்டு, தங்கள் முத்திரைக்குச் சற்றுத் தள்ளி, காகிதம் முடிகிற இடத்தில், இருபத்து நான்காவது கோட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சொத்து விவரத்தில் விடுபட்டவன்.

நகல்:
1. வீட்டுக்கார அண்ணாச்சி (விலாசம் தெரிந்தால் தாங்களே சேர்ப்பித்துவிடவும்).
2. மேற்படி மூன்று ஏக்கரில் குடியிருக்கும் கீரிப்பிள்ளை – தகவலுக்காக.