இருமவுஸ் இயல்: சோழவந்தான் டிடிபி கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே கணினியில் இரண்டு மவுஸ்களைச் செருகி, இரண்டையும் ஒருசேர இயங்கவிடுவது ஈண்டு ‘இருமவுஸ் நிலை’ எனப்படும். சோழவந்தானில் இதன் தேவை எழக்கூடிய இடம், முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை. ஒரு மவுஸ் ஆபரேட்டர் கையிலும், மற்றது புரூஃப் பார்க்க வந்து, தாய்மாமன் பெயர் மேலே ஏறினாலொழியப் போகமாட்டேன் என்று நிற்கும் பெரியவர் கையிலும் இருக்கத் தகும். விரலால் திரையில் காட்டினால் போதாதோ எனின், போதாது. வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் விரலில் இருப்பது சுண்ணாம்பு என்க.

விண்டோஸில் இதற்கெனத் தனி அமைப்பு ஏதும் வேண்டியதில்லை. இன்னொரு யூஎஸ்பி துளையில் செருகினால் போதும். ஆயினும் அம்புக்குறி ஒன்றேயாதலின் இரு மவுஸ்களின் அசைவும் கூட்டப்படும். ஆபரேட்டர் வலப்புறமும் பெரியவர் அதே விசையில் இடப்புறமும் இழுத்தால் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கும். இது ‘சம்பந்தி நிலை’ எனப் பெயர் பெறும். இவர் இடப்பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க அவர் நகர்த்துவாராயின், தாய்மாமன் மண்டபத்து முகவரிக்குள் குடியேறுவார்.

தீர்வுக்கு முன்னோடி உண்டு. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மவுஸைப் படைத்த டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திய கணினிச் செயல்விளக்கத்தில், தொலைவில் இருந்த அவருடைய சகா பில் பேக்ஸ்டனின் அம்புக்குறியும் அதே திரையில் தோன்றியது. ஆனால் அது சுட்டிக்காட்ட மட்டுமே, இயக்கும் உரிமை எங்கல்பார்ட்டிடமே இருந்தது. 2006இல் பெங்களூருவின் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார், மவுஸ் பிடித்த பிள்ளையே கணினியை ஆள்வது கண்டு, ஆளுக்கொரு மவுஸும் வண்ணத்துக்கொரு அம்புக்குறியுமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பிள்ளைகளுக்குச் சமவுரிமை தகும், பத்திரிகைக்குத் தகாது.

எனவே சுட்டும் உரிமையையும் செய்யும் உரிமையையும் பிரித்தலே முறை. லினக்ஸில் 2009 முதல், திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சேவையகம் பல அம்புக்குறிகளை ஏற்பதால், ‘எக்ஸ்இன்புட்’ என்னும் கட்டளையால் இரண்டாம் அம்புக்குறியைப் படைத்து, பெரியவரின் மவுஸை அதனோடு இணைத்து, அம்மவுஸின் பொத்தான்களுக்கு மட்டும் சுழியம் இட்டுவிடலாம். அம்புக்குறி ஓடும், அழுத்தினால் ஒன்றும் நடவாது. அவ்வாறு பலமுறை அழுத்திப் பார்த்த பெரியவர் மவுஸை வைத்துவிட்டு வாயால் சொல்லத் தொடங்குவார். அதற்குச் சுழியம் இடும் கட்டளை எந்த இயங்குதளத்திலும் இல்லை.