13,000 ரூபாய் சாக்ஸ்

இடம்: சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். நேரம்: 2025 நவம்பர் நடுவில், மழை விட்ட ஒரு மாலை. ஜப்பானின் இஸ்ஸே மியாகே ஃபேஷன் நிறுவனத்தோடு சேர்ந்து ‘ஐபோன் பாக்கெட்’ என்றொரு பின்னல் பையை ஆப்பிள் அறிவித்திருந்த வாரம்.

பேசுகிறவர்கள் இருவர். ஒருவர் ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை பார்ப்பவர். பக்தர் என்று வைத்துக்கொள்வோம், கேட்டால் அவரே சந்தோஷப்படுவார். மற்றவர் கை நீட்டினால் இரண்டு சுவரும் தொடும் அளவுள்ள கடையில் போன் ரிப்பேர் பார்க்கும் அண்ணன். இவருக்கு எந்தக் கம்பெனி மீதும் பக்தி கிடையாது. எல்லாக் கம்பெனியின் ஸ்க்ரூவும் அவரிடம் ஒரே டப்பாவில்தான் கிடக்கிறது.

பக்தர்: அண்ணே, 17 ப்ரோவுக்கு ஒரு டெம்பர் கிளாஸ் போடணும்.

அண்ணன்: போட்டுரலாம். என்னப்பா மூஞ்சி வாடியிருக்கு? கீழ போட்டுட்டியா?

பக்தர்: போன் நல்லாத்தாண்ணே இருக்கு. ஐபோன் பாக்கெட் விடுறாங்கல்ல, அந்த நாட்டு லிஸ்ட்ல இந்தியா இல்ல. சிங்கப்பூர் இருக்கு, கொரியா இருக்கு, இத்தாலி கூட இருக்கு. நம்மள மறந்துட்டாங்க.

அண்ணன்: அது என்ன பாக்கெட்டு?

பக்தர்: போன் வெச்சுக்கிறதுக்குண்ணே. தையலே தெரியாம முப்பரிமாணமா பின்னினது. தோள்ல மாட்டலாம், கையில தொங்கவிடலாம், பைல கட்டிக்கலாம். பாருங்க படத்தை.

அண்ணன்: (பார்க்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கிறார்.) இது சாக்ஸ்ப்பா.

பக்தர்: அப்படிச் சொல்லாதீங்க. சின்னது 149 டாலர் 95 சென்ட். நீளமானது 229 டாலர் 95.

அண்ணன்: (கால்குலேட்டரைத் தட்டுகிறார்) சின்னதே 13,000 ரூபாயைத் தாண்டுதே. பெருசு 20,000. இது ஒத்தைக் காலுக்கா, ரெண்டு காலுக்குமா?

பக்தர்: நீங்க சிரிக்கிறது ஒண்ணும் புதுசு இல்லண்ணே. 2004லயே ஐபாட் சாக்ஸ்னு விட்டாங்க. 6 கலர்ல 6 சாக்ஸ், 29 டாலர். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில நின்னு சொன்னப்ப, விளையாட்டுக்குச் சொல்றாருன்னுதான் நினைச்சாங்க.

அண்ணன்: அப்ப 6 சாக்ஸ் 29 டாலர். இப்ப ஒண்ணு 150. 21 வருஷத்துல உங்க கம்பெனியில சாக்ஸ்தான்பா கிடுகிடுன்னு முன்னேறியிருக்கு.

பக்தர்: இஸ்ஸே மியாகே யாருன்னு தெரியுமா உங்களுக்கு? ஜாப்ஸ் எப்பவும் போட்டிருப்பாரே கறுப்பு டர்டில்நெக், அதைச் செஞ்சு குடுத்தவரு.

அண்ணன்: ஜாப்ஸுக்கு அவர் சட்டை தச்சாரு. சரி. அதுக்கு உன் போனுக்கு ஏன் ஸ்வெட்டர் போடணும்?

பக்தர்: ஆரம்பத்துல எல்லாத்தையும் இப்படித்தாண்ணே பேசினாங்க. 2001 அக்டோபர்ல ஐபாட் வந்துச்சு. 5 ஜிபி, 399 டாலர். கம்ப்யூட்டர்ல ஊறினவங்களே உதட்டைப் பிதுக்கினாங்க. என்னாச்சு? 2007ல ஐபோன். அப்ப மைக்ரோசாஃப்ட் தலைவரா இருந்த ஸ்டீவ் பால்மர் டிவி பேட்டியிலேயே விழுந்து விழுந்து சிரிச்சார். உலகத்துலயே விலை ஜாஸ்தி, கீபோர்டு வேற இல்ல, பிசினஸ்காரன் எவன் வாங்குவான்னாரு. 2010ல ஐபேட். அந்தப் பேரை வெச்சு எவ்வளவு அசிங்கமா கேலி பண்ணாங்க! பெரிய சைஸ் ஐபாட் டச்தானேன்னாங்க. அமெரிக்காவுல முதல் நாள்லயே 3 லட்சம் போச்சு.

அண்ணன்: ஏர்பவர்?

பக்தர்: என்னண்ணே?

அண்ணன்: 2017 செப்டம்பர்ல மேடையில காட்டினாங்களே, போனு, வாட்சு, இயர்போன் மூணையும் ஒரே பலகையில வெச்சு சார்ஜ் ஏத்துறது. ஒன்றரை வருஷம் கழிச்சு, 2019 மார்ச்சுல, சரிப்பட்டு வரலைன்னு கைகழுவிட்டாங்களே. அதுக்குக் கைதட்டினதெல்லாம் எந்தக் கணக்குல எழுதுவ?

பக்தர்: அதை ஏண்ணே இப்பக் கிளறுறீங்க.

(குறுக்கே ஒரு வார்த்தை. இருவரும் சொன்னது உண்மைதான். கேலி செய்தவர்கள் மூக்குடைபட்ட கதைகளைப் பக்தர்கள் தேதியோடு மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கைதட்டியவர்கள் மூக்குடைபட்ட கதைகளை ரிப்பேர்க் கடைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பாடத்தை மற்றவர் படிப்பதில்லை.)

அண்ணன்: அதே 2019ல, ஜூன் மாசம், ஒரு மானிட்டர் காட்டினாங்க. 4,999 டாலர். சரி, போகட்டும். அதை நிக்க வைக்கிற ஸ்டாண்டு தனியா 999 டாலர்னாங்க பாரு, அந்த ஹால்ல உக்காந்திருந்தவங்களே முனகிட்டாங்க. அவங்க யாரும் வெளியாளுங்க இல்ல, ஆப்பிளுக்கு ஆப் எழுதிப் பிழைக்கிறவங்க.

பக்தர்: அதெல்லாம் ப்ரொஃபஷனல்களுக்குண்ணே. சினிமா எடிட்டிங், கலர் கிரேடிங்...

அண்ணன்: 2021ல வந்துச்சே, ஸ்கிரீன் தொடைக்கிற துணி. 1,900 ரூபாய். அதுவும் ப்ரொஃபஷனலுக்கா?

பக்தர்: (குரல் இறங்குகிறது) அது என்கிட்ட இருக்கு.

அண்ணன்: எது?

பக்தர்: துணி. ஆர்டர் போட்டு வாரக்கணக்கா காத்திருந்து வாங்கினேன்.

அண்ணன்: அதுல எதைத் தொடைக்கிற?

பக்தர்: அழுக்காயிடுமேன்னு இன்னும் எடுக்கலண்ணே.

அண்ணன்: (கிளாஸ் பெட்டியைத் தேடிக்கொண்டே) இந்த 17 எங்க வாங்கின?

பக்தர்: பெங்களூர். ஆப்பிளோட சொந்தக் கடை செப்டம்பர் 2ஆம் தேதி ஹெப்பாள்ல தொறந்தாங்கல்ல. 19ஆம் தேதி போன் விற்பனை. முந்தின நாளே கிளம்பிட்டேன். விடியக்காலை லைன்ல நின்னேன். கடைக்காரப் பசங்க எல்லாரும் ரெண்டு பக்கமும் நின்னு கைதட்டி உள்ள கூட்டிட்டுப் போனாங்க. புல்லரிச்சுப் போச்சு.

அண்ணன்: கைதட்டினது யாருக்கு?

பக்தர்: எனக்குத்தான்.

அண்ணன்: எதுக்கு?

பக்தர்: வாங்குறதுக்கு.

அண்ணன்: இங்க 150 ரூபாய்க்கு கிளாஸ் போடுறவனுக்கும் தட்டலாம்தான், ஆனா கையில ஹீட் கன் இருக்கு. இருக்கட்டும், எந்த ரோட்டுல போன?

பக்தர்: பஸ்லண்ணே. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், கிருஷ்ணகிரி, ஒசூர்...

அண்ணன்: நிறுத்து. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினியா?

பக்தர்: ஆமா.

அண்ணன்: அந்தப் பக்கம்தான் ஃபாக்ஸ்கான். அங்கதான் ஐபோன் பூட்டுறான். ஒசூர் தாண்டினியே, அந்தப் பக்கம் டாடா. அங்கயும் பூட்டுறான். ரெண்டு ஃபேக்டரிப் பக்கமும் தூங்கிக்கிட்டே தாண்டிப் போயி, பெங்களூர்ல வாங்கி, மறுபடியும் ரெண்டு ஃபேக்டரி வழியாவே திருப்பிக் கொண்டாந்திருக்க.

பக்தர்: சென்னையில சொந்தக் கடை இல்லையேண்ணே. நான் என்ன பண்ண?

அண்ணன்: என் அக்கா பொண்ணு சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு லைன்ல நிக்குது. புதுப் போன் அறிவிச்ச அன்னைக்கு ராத்திரி அதுகிட்ட கேட்டேன், என்னம்மா எப்படி இருக்குன்னு. “இந்த மாசம் ஓவர்டைம் உண்டா மாமா, செய்தியில ஏதாச்சும் சொன்னாங்களா”ன்னு கேட்டுச்சு. அதுக்கு கலரும் தெரியாது, கேமராவும் தெரியாது. ஷிப்டுதான் தெரியும்.

பக்தர்: எவ்வளவு பெருமை பாருங்க! நம்ம ஊர்ப் பொண்ணுங்க செஞ்சது உலகம் பூரா போகுது.

அண்ணன்: பெருமைதான். 2021 டிசம்பர்ல அதே ஹைவேல பொண்ணுங்க வந்து உக்காந்தாங்களே, ஞாபகமிருக்கா? ஃபாக்ஸ்கான் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம நூத்துக்கும் மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஃபேக்டரியையே மூடினாங்க. அப்புறம் ஆப்பிளே அந்த ஃபேக்டரியைக் கண்காணிப்புல வெச்சுது.

பக்தர்: அது கீநோட்ல வரலையே.

(இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.)

அண்ணன்: வராது. சரி, போன் விலை என்ன?

பக்தர்: 1,34,900.

அண்ணன்: அமெரிக்காவுல?

பக்தர்: 1,099 டாலர். தெரியும்ணே, அடுத்து என்ன கேப்பீங்கன்னு தெரியும். அங்க வரி தனி. இங்க 18 சதவீதம் ஜிஎஸ்டி உள்ளயே இருக்கு.

அண்ணன்: (மறுபடி கால்குலேட்டர்) ஜிஎஸ்டியக் கழிச்சா 1,14,000 சொச்சம். அங்க 97,000. மீதி 17,000 எதுக்குப்பா? ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து இங்க வர லாரி வாடகையா?

பக்தர்: ஏதாவது காரணம் இருக்கும். யோசிக்காம செய்யமாட்டாங்க. மாசம் 5,621 ரூபாய்தாண்ணே, 24 மாசம். வலியே தெரியாது.

அண்ணன்: 24 மாசமா? அப்ப 19 வர்ற வரைக்கும் 17க்குக் கட்டிட்டிருப்ப. பெட்டியில சார்ஜராவது குடுத்தானா?

பக்தர்: அது 2020லயே எடுத்துட்டாங்க. சுற்றுச்சூழல்ணே. பெட்டி சின்னதானா கப்பல்ல நிறைய ஏத்தலாம், கார்பன் குறையும்.

அண்ணன்: ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி இருந்துச்சு பாரு. 2014ல மூடினாங்க. அந்த இடத்தை எடுத்துக்கிறதா 2019ல அறிவிச்சது யாரு தெரியுமா? சால்காம்ப். ஆப்பிளுக்கு சார்ஜர் செய்யற கம்பெனி. அடுத்த வருஷமே இவங்க பெட்டியில இருந்து சார்ஜரைத் தூக்கிட்டாங்க. நல்லவேளை, எவனும் சார்ஜர் வாங்குறத விடல, தனியாக் காசு குடுத்து வாங்குறான்.

பக்தர்: அன்னைக்கு சாம்சங் எப்படிச் சிரிச்சான்! எங்க பெட்டியில சார்ஜர் இருக்கேன்னு படம் போட்டான். மூணு மாசத்துல எஸ்21 வந்துச்சு, சார்ஜரைக் காணோம். போட்ட படத்தையும் காணோம். ஹெட்போன் ஓட்டை விஷயத்திலயும் அதே கதைதான். 2016ல கேலி, 2019ல நோட் 10ல அவங்களே அடைச்சாங்க. சிரிக்கிறவன்தாண்ணே முதல் சிஷ்யன்.

அண்ணன்: அது மட்டும் ஒத்துக்கிறேன்.

பக்தர்: நீங்களும் அந்த லிஸ்ட்லதான் இருக்கீங்க. செப்டம்பர் 9ஆம் தேதி ராத்திரி பத்தரை மணிக்கு கீநோட் ஆரம்பிச்சப்ப நீங்க தூங்குனீங்களா?

அண்ணன்: (பதில் இல்லை. டெம்பர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துத் தூசி பார்க்கிறார்.)

பக்தர்: சொல்லுங்கண்ணே.

அண்ணன்: பார்த்தேன். ஆனா உன்ன மாதிரி கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டுப் பார்க்கல. கேமரா எங்க இருக்குன்னு பார்த்தேன். ப்ரோவுல பின்னாடி மேடு பாதி அகலம்தான் இருந்துச்சு, இந்த வருஷம் முழு அகலத்துக்கும் இழுத்துட்டான். 16 ப்ரோ கவர் ஒரு மூட்டை வாங்கி வெச்சிருந்தேன். 17 ப்ரோ வாங்குறவன் எவனும் இனிமே அதைத் தொடமாட்டான். ஏர்னு ஒண்ணு விட்டானே, 5.6 மில்லிமீட்டர். அவ்வளவு மெலிசா செஞ்சுட்டு, பின்னாடி ஒட்டிக்கத் தனியா ஒரு பேட்டரி 99 டாலருக்கு விக்கிறான். எனக்குக் கோவமே வரல. அவன் மெலிசாக்கினா நான் தடியா கவர் விப்பேன்.

பக்தர்: அப்ப ஆப்பிள் புதுசா எதுவும் விடலைன்னா?

அண்ணன்: நான் என்ன, வடகறியா விக்கிறது? விடணும். வருஷா வருஷம் விடணும். ஓட்டையை இடம் மாத்தணும். பட்டனைச் சேர்க்கணும். நீ வாங்கணும். இன்னொருத்தன் திட்டணும். திட்டினவன் அடுத்த தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சுல வாங்கணும். கண்ணாடி மட்டும் உடையற மாதிரியே இருக்கணும்.

பக்தர்: போன்ல பேசுற சிரி கூட இன்னும் புத்திசாலி ஆகப்போகுதுண்ணே. 2024 ஜூன்ல அறிவிச்சாங்க, இந்த மார்ச்ல தள்ளிவெச்சிருக்காங்க.

அண்ணன்: அதுல எனக்கு ஒண்ணுமில்ல. அதுக்குக் கவர் போட முடியாது. அடுத்த வருஷம் மடிக்கிற போன் வருதாம்னு பேசிக்கிறாங்களே, நிஜமா?

பக்தர்: அப்படித்தான் வதந்தி. கம்பெனி இன்னும் வாயே தொறக்கல.

அண்ணன்: கேமரா வலப்பக்கமா, இடப்பக்கமா? உனக்கு ஏதாவது தெரியுமா?

பக்தர்: எதுக்குண்ணே?

அண்ணன்: 500 கவர் சொல்லி வெச்சிருக்கேன்.

பக்தர்: இல்லாத போனுக்கா! கீநோட்ல பார்த்துட்டாவது காசு குடுக்குறவன் நான். நீங்க வதந்திக்கே அட்வான்ஸ் குடுத்திருக்கீங்க. யாருண்ணே பக்தன்?

அண்ணன்: (கிளாஸை ஒட்டி, கட்டைவிரலால் குமிழியை ஓரத்துக்குத் தள்ளுகிறார்.) ஆரஞ்சு கலருக்கு இந்த நீலக் கவரு பொருத்தமாவா இருக்கு? கலரே தெரியலையே.

பக்தர்: கவரைக் கழட்டினா கீறல் விழுந்துடும்ணே. எக்ஸ்சேஞ்சுல விலை குறைஞ்சிடும்.

அண்ணன்: சரிதான். 150 ரூபா குடு.

பக்தர்: என்னண்ணே 150? பக்கத்துக் கடையில 100தான் சொன்னாங்க. பார்த்துப் போட்டு வாங்கிக்கங்க.

அண்ணன்: 1,34,900ல இப்படி ஒரு வார்த்தை கேட்டியா?

பக்தர்: அங்க ஃபிக்ஸட் ரேட்டு.

அண்ணன்: அப்படின்னா மாசம் 12 ரூபா 50 காசு குடு. 12 மாசம். நோ காஸ்ட் இஎம்ஐ.

பக்தர்: (பர்ஸை வெளியே எடுத்தபடி) எந்த பேங்க் கார்டுக்குண்ணே?